இடது பக்கத்து மைக்

குடை இருந்தது. ஆனாலும் அவன் நனைந்துகொண்டுதான் வந்தான்...

ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தெருமுனையிலிருந்து ஓடி வந்தவன், குடையைக் கையிலிருந்த கறுப்புப் பெட்டிக்குப் பிடித்திருந்தான். தலை, சட்டை, மூக்குக்கண்ணாடி எல்லாம் தொப்பலாக நனைந்திருக்க, பெட்டி மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி சொகுசாக வந்து சேர்ந்தது.

"குடை உங்களுக்கா, பெட்டிக்கா?"

"பெட்டிக்குத்தாங்க. உள்ள மைக் இருக்கு. அது நனைஞ்சா பாட்டே போச்சு. நான் நனைஞ்சா ரெண்டு தும்மலோட போயிடும்."

சொல்லி வாய் மூடவில்லை, தும்மினான். ஒன்று... இரண்டு.

"மூணாவது வந்தா?"

"பழி உங்க மேலதான். சிரிச்சுக்கிட்டே நிக்கறீங்களே, அந்தக் கதவைக் கொஞ்சம் தள்ளக் கூடாதா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவளைப் பார்த்தான். அந்தக் கண்கள்... மழையில் கழுவி வைத்த மாதிரி அத்தனை பளிச்சென்று இருந்தன. அவள் சட்டென்று தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெருவில் பார்க்க ஒன்றுமே இல்லை.

அவள் பாடகி. அப்படிச் சொல்லிக்கொள்ள இன்னும் கூச்சம்தான். பகலில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசை வேலை. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் வாயைத் திறப்பார்கள், அவள் மட்டும் மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்தான் அவள் வாய் திறக்கும். ஐந்து வயதில் மைக் எட்டவில்லை என்று ஒரு முக்காலி மேல் நிற்க வைத்தார்கள். பாட்டு முடிந்தும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அன்றிலிருந்து சபை முழுக்க அவளுக்கு 'முக்காலி' என்றுதான் பெயர்.

பிறகு பாடகர் குழு, பக்கத்து ஊர்க் கூட்டங்கள், கல்யாணங்கள். அப்படி ஒரு கல்யாணத்தில் அவள் பாடியதைக் கேட்ட இசையமைப்பாளர், எட்டு கிறிஸ்தவப் பாடல்கள் கொண்ட தன் தொகுப்பில் முதல் பாட்டை அவளிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று கூப்பிட்டிருந்தார். இது நன்றாக வந்தால் மீதி ஏழும் அவளுக்கே. சின்ன வயதிலிருந்து அவள் ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

உள்ளே போனபிறகுதான் தெரிந்தது... பெட்டிக்குக் குடை பிடித்தவன்தான் ஒலிப்பதிவாளர் என்று.

பாடும் அறையில் அவள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவனும் இசையமைப்பாளரும். அவன் ஒரு பொத்தானை அழுத்தினால் அவள் அறையில் சின்னச் சிவப்பு விளக்கு எரியும், ஹெட்போனில் அவன் குரல் கேட்கும். முதல் பத்து நிமிஷம் அந்தக் குரல் காதுக்குள் கூச்சமாகத்தான் இருந்தது...

"மேடம், சரணத்துல குரல் உச்சத்துக்குப் போறப்ப இடது பக்கம் திரும்பிடறீங்க. மைக்ல குரலே விழல."

"நானா? இல்லையே!"

"திரும்பறீங்க மேடம்."

மறுபடி பாடினாள். மறுபடியும் திரும்பினாள். கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாடினால் சுருதி இறங்கியது. பதினேழு தடவை ஆயிற்று. 

அப்போதுதான் ஹெட்போனில் அது கேட்டது. அவளிடம் சொன்னதல்ல. பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டு, இசையமைப்பாளரிடம் சொன்னது.

"சர்ச்ல பாடறவங்களே இப்படித்தான் சார். மைக்னா என்னன்னே தெரியாது."

ஹெட்போனைக் கழற்றி மெதுவாகக் கொக்கியில் மாட்டினாள். மைக்குக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாள்.

"எனக்கு மைக் தெரியாதுதான் சார். ஆனா விளக்கு எரியுதான்னு பாக்கத் தெரியும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகம் வெளுத்துப்போனதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். இசையமைப்பாளர் வாசல் வரை வந்தார். "திங்கள் சாயங்காலம் வரைக்கும் பாக்கறேம்மா. வரலைன்னா வேற குரல்தான். தப்பா நினைக்காதே."

வீடு வரை மழை. கன்னத்தில் வழிந்தது எது என்று யாருக்கும் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பாட்டு பாட எழுந்தவள், கடைசி பெஞ்சைப் பார்த்ததும் முதல் வரியையே மறந்தாள். அவன்! எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, பாட்டுப் புத்தகத்தை ரொம்பப் பக்தியாகப் பிடித்திருந்தான். தலைகீழாக...

'இங்கேயும் வந்து குறை சொல்லப் போறானா?' வீம்புக்கென்றே நன்றாகப் பாடினாள்.

ஆராதனை முடிந்ததும் அவன் அவளிடம் வரவில்லை. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த அவள் அப்பாவிடம் போனான். அவள் தூணுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ஐயா, அந்த ஸ்பீக்கர் பெட்டி மைக்குக்கு இவ்வளவு பக்கத்துல இருந்தா, குரல் ஏறினதும் கூவுமே? கொஞ்சம் தள்ளி வைக்கலாமே?"

"தெரியும் தம்பி. முன் வரிசையைப் பாத்தீங்களா? எல்லாம் காது மந்தமானவங்க. பெட்டி அங்க இருந்தாத்தான் அவங்களுக்குப் பாட்டு கேக்கும். ஒரு நாள் மைக் கீச்சுனு கூவினதுல ஒரு அம்மா பயந்துபோய் புத்தகத்தைக் கீழ போட்டுட்டாங்க. அப்ப என் பொண்ணுக்கு எட்டு வயசு. அடுத்த வாரத்துலேருந்து உச்சத்துக்குப் போறப்ப, மைக் கூவாம இருக்க அவளே அதை விட்டு இடது பக்கம் திரும்பிக்குவா. நான் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கல."

தூணுக்குப் பின்னால் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. 'அட... எனக்கே இது மறந்துபோச்சே!'

"ஆமா, தம்பி யாரு?"

"உங்க பொண்ணுக்கு மைக் தெரியாதுன்னு சொன்ன முட்டாள்ங்க."

அப்பா ஒயரைக் கீழே வைத்தார். "ஓ... அது நீங்கதானா? ரெண்டு நாளா எங்க வீட்ல பாத்திரமெல்லாம் ரொம்ப சத்தமா விழுது. சீக்கிரம் போய்ப் பேசிடுங்க. மிச்சம் இருக்கற பாத்திரமாவது தப்பிக்கட்டும்."

அவன் வந்தான். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றான்.

"மன்னிச்சிடுங்க. முன் வரிசைக் காதுங்களை இத்தனை வருஷமா காப்பாத்தறீங்க. உங்களைப் போய் மைக் தெரியாதுன்னுட்டேன். நாளைக்கு ஒரே ஒரு தடவை வாங்க."

"வந்தா மட்டும்? திரும்பாம பாட எனக்கு வராது."

"திரும்புங்க. யாரு வேணாம்னா?"

திங்கட்கிழமை அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். ஒன்றல்ல... இரண்டு மைக். ஒன்று நேராக. இன்னொன்று இடது பக்கம், அவள் திரும்பினால் முகம் எங்கே வருமோ சரியாக அங்கே. அன்றைக்குக் குடைக்குள் வந்த அதே மைக்.

கண்ணை மூடிப் பாடினாள். சரணம் வந்தது, உச்சம் வந்தது. தன்னை மறந்து திரும்பினாள். அங்கே மைக் அவளுக்காகக் காத்திருந்தது. ஐந்து வயதில் முக்காலி மேல் நின்ற சந்தோஷம் அப்படியே திரும்பி வந்தது.

இசையமைப்பாளர் அறைக் கதவையே திறந்துகொண்டு வந்துவிட்டார். "மீதி ஏழு பாட்டையும் இன்னைக்கே வாங்கிட்டுப் போம்மா! எழுதின காகிதம் காருக்குள்ள இருக்கு, இரு." சொல்லிவிட்டு வெளியே ஓடினார்.

அவள் கண்ணைத் துடைத்து நிமிர்ந்தபோது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை.

"சார்... விளக்கு எரியுது. மறந்துட்டீங்களா?"

"இல்ல. இந்தத் தடவை தெரிஞ்சேதான் அழுத்தியிருக்கேன்." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "நேர்ல சொன்னா நாக்கு குழறும். நடுவுல கண்ணாடி இருக்கற தைரியத்துல சொல்றேன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. குரலை மட்டும் இல்ல. அந்த எட்டு வயசுல திரும்பினீங்களே, அந்த மனசை. காலம் பூரா நீங்க திரும்பற பக்கம் நான் நிக்கலாமா?"

பதிலுக்குக் காத்திருந்தவனுக்கு அந்த நேரம் பார்த்துத்தானா அது வர வேண்டும்? முழுசாக ஒரு தும்மல், ஹெட்போன் அதிர.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இடது பக்கம் திரும்பி, அவன் வைத்த மைக்கில் மெதுவாகச் சொன்னாள்.

"மூணு ஆச்சு. பழியை நான் ஏத்துக்கறேன்... உங்களையும்."