ஏழு மணி நேர மாப்பிள்ளை

கோயமுத்தூர் ரயில் நிலையத்தில் ஐப்பசி மழைக்கு ஒதுங்கி நின்றாள் மயிலாத்தாள். ஓடி வந்த ஒருவன், பக்கத்தில் பார்க்காமல் குடையை உதறினான். அவள் புதுச்சேலை முழுக்கத் தண்ணீர்!

“ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா?”

திரும்பியவன் திகைத்தான். “இப்பத்தானுங்க தெரியுது... இத்தன பெரிய கண்ணு!”

கோபம்தான் வரவேண்டும். வந்ததென்னவோ வெட்கம்... இமையில் நின்ற துளியைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

டிக்கெட்டோடு திரும்பிய அப்பா, சூலூர் கந்தப்பக் கவுண்டர், மாட்டு வியாபாரி. பல்லைப் பார்க்காத குறையாகப் பையனை அளந்தார். ஊர் கேட்டார், எந்தக் குலம் என்று தெரியக் கூட்டம் கேட்டார். பேர் பாலுசாமி, ஊர் ஆனைமலை. பெண் கொடுக்கத் தோதான வேறு கூட்டம். மயிலாத்தாளின் நெஞ்சு குளிர்ந்தது.

“வேலை எங்கீங்க தம்பி?”

“பம்பாயிலீங்க. பஞ்சுக் கம்பெனி.”

குளிர்ந்த நெஞ்சு அப்படியே உறைந்தது. விடியலில் வண்டி பூட்டினால் விளக்கு வைப்பதற்குள் போய்ச் சேருகிற ஊருக்குத்தான் அப்பா பெண் கொடுப்பார். அவர் தங்கை கொழும்பில் செத்தபோது, செய்தி வருவதற்குள் கருமாதியே முடிந்திருந்தது.

“ரெண்டு ராத்திரி ரயிலு...” கவுண்டர் முகத்தைத் திருப்பினார்.

“ஏரோப்ளேன்ல நேராப் பறந்தா அறுநூறு மைல்தானுங்க! ஏழு மணி நேரம். காலைப்பால் கறந்து ஏறினா, சாயங்காலம் கறக்கறதுக்குள்ள எறங்கிக்கலாம்.”

பழக்கதோஷம், கவுண்டரின் தோள்துண்டு விரிந்தது. சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவதுபோல், துண்டுக்கடியில் பையனின் விரல்களைப் பிடித்தார். ஏழு மணிக்கு அஞ்சு! பாலுசாமியும் யாவாரியாயிற்றே... சும்மா விடுவானா?

“சரி, உங்களுக்காக ஆறுங்க!”

கவுண்டர் கையை உதறினார். “உங்களுதில்லாத மணியைக் கொறைச்சுப்போட்டீங்களே தம்பி! நாளைக்கு எம்பொண்ணுகிட்ட எதையெல்லாம் கொறைப்பீங்க? அம்மணி, நட.”

மயிலாத்தாளுக்குக் கால் எழவில்லை. “பேரம் ஆரம்பிச்சது நீங்கதானுங்கய்யா!”

கவுண்டர் நின்றார். பாலுசாமி தலை குனிந்தான்.

“ஏழுதானுங்க. கொறையாது. அந்த ஏரோப்ளேனும் நம்மூருக்கு வாரதில்லீங்க. மெட்ராஸ் போயி ஏறோணும், தபால் மூட்டைக்கு நடுவுல எடமிருந்தா...” குரல் தாழ்ந்தது. “திருப்பூர் கெடங்குக்குப் போறயான்னு கம்பெனியில கேட்டாங்க. பம்பாய்ப் பவுசை விட மனசில்லாம, மாட்டேன்னு தந்தி குடுக்கத்தான் இங்க வந்தனுங்க.”

“குடுக்கப் போறீங்களா?” மயிலாத்தாளின் குரல் மழையில் பாதி கரைந்தது.

“போறனுங்க... வாரேன்னு!”

அடைத்திருந்த மூச்சைக் கவுண்டர் சத்தமாகவே விட்டார். “திருப்பூரா! மத்தியானச் சோத்துக்கே போயிரலாமே... இருங்க, வெத்தலை வாங்கிட்டு வாரேன்.” கடையிருந்த பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கமாக நடந்தார், கெட்டிக்காரர்.

மழை விட்டுக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் தண்டவாளத்தைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்:

“ஒண்ணு சொல்லட்டுங்களா? ஐயா மட்டும் சரின்னிருந்தா... ரெண்டு ராத்திரி ரயில்லயே வந்திருப்பனுங்க.”