மூன்றாம் தடவை வராத புகார்

காலை ஒன்பது மணி.

கல்யாண கவுன் எரிந்து போயிருந்தது. கூடவே தையல் அறையின் ஜன்னல் திரை, தரைவிரிப்பில் பாதி, தையற்காரம்மாவின் வலது கையில் இரண்டு விரல். கவுனுக்குரிய பெண்ணுக்கு மறுநாள் கல்யாணம்.

தீயணைப்புத் துறை விசாரணை அதிகாரியம்மா வந்து காலிங் பெல்லில் கை வைக்கப் போனார். அதன் மேல் கறுப்பு டேப். பிரிக்க வாகாக ஒரு முனையை மடித்து விட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் கதவைத் தட்டினார். குளிரில் விரல் முட்டி விண்ணென்று வலித்தது. இந்த வாரத்தில் ஹீட்டரால் பிடித்த மூன்றாவது தீ இது. வாயைத் திறந்தால் சிடுசிடுப்புதான் வரும் போலிருந்தது.

திறந்தவர் தையற்காரம்மாவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். அவர் காலடியில் கட்டி வைத்த பெட்டி ஒன்று.

"எங்கேயாவது கிளம்புறீங்களா?"

"நான் இல்லை. என் தம்பி. சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும்னு சொல்லிட்டேன். மலிவுன்னு ஒரு குப்பையை வாங்கிட்டு வந்து குடும்பத்தையே கொளுத்தப் பார்த்தான்."

உள்ளேயிருந்து தையற்காரம்மா குரல் கொடுத்தாள். "பெல்லை அமுக்கிடலையே? ஷாக் அடிக்கும். ஒரு நாளைக்குன்னு இவர் டேப் ஒட்டினாரு. வருஷம் ரெண்டாச்சு."

"இப்ப அது ரொம்ப முக்கியமா?" என்றார் மெக்கானிக்.

தையல் அறையில் கருகல் நாற்றம் தூக்கலாக அடித்தது. ஹீட்டர் குப்புறக் கிடந்தது. முன்பக்கம் வெந்து வழிந்திருந்தது. அடிப்பாகம் அப்படியே இருந்தது. அதிகாரியம்மா குனிந்து அடியில் பார்த்தார். அங்கே ஒரு துண்டு கறுப்பு டேப். அதன் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"எப்படி விழுந்தது?"

"சுவர்ல சாத்தி வச்ச துணிச் சுருள் சரிஞ்சு அது மேல விழுந்திருக்கு," என்றாள் தையற்காரம்மா. "நான் தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தா கவுன்ல தீ."

"இதுக்கு முன்னாடி ஏதாவது கோளாறு?"

"வாங்கின நாள்லேர்ந்தே! அஞ்சு நிமிஷம் எரியும், அணைஞ்சுடும். ரெண்டு தடவை கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்கே மேஜை மேல வச்சா ராஜா மாதிரி ஓடுது. 'உங்க வீட்டுக் கரண்ட்டைப் பாருங்கம்மா'ன்னு கடைக்காரர் நக்கல் பண்றார். வீட்டுக்கு வந்து விரிப்பு மேல வச்சா மறுபடி மக்கர். அழுகையே வந்துடுச்சு."

"மூணாவது தடவை?"

"போகலை. அப்புறம் நல்லா எரிஞ்சுதே."

"யார் சரி பண்ணினது?"

"தானா சரியாச்சு."

அதிகாரியம்மா கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "தானா கெடுற ஹீட்டரை நிறையப் பார்த்திருக்கேன். தானா சரியாகுற ஹீட்டரை நான் பார்த்ததே இல்லை. உங்க கொழுந்தனைக் கூப்பிடுங்க."

கூரியர் சீருடையோடு வந்து நின்றான் தம்பி. கண் சிவந்திருந்தது.

"அண்ணன் சொல்றார், மலிவுன்னு வாங்கினியாமே?"

"அவர் வந்தாரா கடைக்கு?"

"எதிர்த்துப் பேசாதேடா!" என்றார் மெக்கானிக்.

"நீங்க சும்மா இருங்க," என்றார் அதிகாரியம்மா. "சொல்லுப்பா. எதைப் பார்த்து வாங்கினே?"

"ஒவ்வொண்ணாத் தூக்கிப் பார்த்தேன். தக்கை மாதிரி இருந்ததையெல்லாம் ஒதுக்கிட்டேன். ஒயர் உள்ளே போற இடத்தை ஆட்டிப் பார்த்தேன். ரொம்ப நேரம் எரியவிட்டு பிளக்கைத் தொட்டேன், சுடலை. கடைசியா, ஓடும்போதே சாய்ச்சுப் பார்த்தேன்."

"என்னாச்சு?"

"டக்குனு அணைஞ்சுது. நிமித்தினா எரிஞ்சுது. இதைவிட மலிவா ஒண்ணு இருந்துது. சாய்ச்சாலும் எரிஞ்சுக்கிட்டே இருந்துது, வேண்டாம்னுட்டேன். 'வாங்குறியா, இல்லை அதுக்கு நீச்சல் கத்துக் குடுக்கப் போறியா'ன்னு கடைக்காரர் கேட்டார்."

தையற்காரம்மாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. கணவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"கடையில சாய்ச்சா அணைஞ்சுது," என்றார் அதிகாரியம்மா. "நேத்து குப்புற விழுந்தும் அணையலை. நடுவுல இதுக்குள்ள யாரோ புகுந்திருக்காங்க."

ஹீட்டரைத் திருப்பிப் பிடித்தார்.

"அடியில ஒரு பொத்தான் உண்டு. தரையில நின்னா அது உள்ளே அமுங்கும், ஹீட்டர் எரியும். சாய்ஞ்சா வெளியே வரும், அணையும். உங்க விரிப்பு மெத்து மெத்துன்னு இருக்கு. பொத்தான் அதுல புதைஞ்சு சரியா அமுங்கலை. அதனாலதான் வீட்ல மக்கர், கடை மேஜையில ராஜா. ஹீட்டர் மேல குத்தமே இல்லை. விரிப்பை விட்டு வெறும் தரையில வச்சிருந்தா முடிஞ்சுது கதை."

அதிகாரியம்மா டேப்பின் மேல் விரலை வைத்தார்.

"ஆனா ஒருத்தர் பொத்தானை அமுக்கி டேப் ஒட்டிட்டார். புகாரும் நின்னு போச்சு."

"டேப் இவன்கிட்டயும் இருக்கே," என்றார் மெக்கானிக், வேகமாக. "கூரியர்ல வேற என்ன வேலை?"

"அது அகலமான காக்கி டேப். இது கறுப்பு. இதோட ஒரு முனையைப் பாருங்க, உள்பக்கமா மடிச்சிருக்கு. வாசல்ல பெல் மேல இருக்கே, அதே மடிப்பு. லிஃப்ட் கதவு சுவிட்ச் தகராறு பண்ணினா, சோதிச்சுப் பார்க்க அதை டேப் போட்டு அமுக்கி வைக்கிறது உண்டுதானே?"

"...உண்டு."

"முனையை ஏன் மடிக்கிறீங்க?"

"வேலை முடிஞ்சதும் சட்டுனு பிரிக்கணும். மறந்துடக் கூடாது. எச்சரிக்கைக்குச் சிவப்பு அட்டையும் தொங்கவிடுவோம்."

"வீட்ல அட்டை தொங்கவிட்டீங்களா?"

மெக்கானிக் கருகிய விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "தினம் இவ புலம்பல் தாங்கலை. ஒரு நாளைக்குத்தான்னு ஒட்டினேன். ஞாயித்துக்கிழமை பிரிச்சுப் பார்க்கலாம்னு..."

"தெரிஞ்சுமா அவனைத் துரத்தினீங்க?" தையற்காரம்மா கணவர் பக்கம் திரும்பினாள்.

"நெருப்பைப் பார்த்ததும் பயந்துட்டேன்டி. முதல்ல வாயில வந்தது அவன் பேர்."

அதிகாரியம்மா மடித்த முனையைப் பிடித்து இழுத்தார். டேப் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. மூஞ்சி வெந்துபோன ஹீட்டரின் அடியிலிருந்து பொத்தான் டக்கென்று வெளியே துள்ளியது. அது மட்டும் புதுசு போல இருந்தது.

"நல்லாப் பார்த்துத்தான் வாங்கியிருக்கே," என்றார் தம்பியிடம்.

தம்பி வாசலைக் காட்டினான். "அண்ணே, அந்தப் பெட்டியைக் கட்டினது நீ. நீயே உள்ளே கொண்டு போய் வை."

மெக்கானிக் போய்ப் பெட்டியைத் தூக்கினார். கனத்தது போலும், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வச்சுட்டு வந்து அந்தப் பொண்ணு வீட்டுக்குக் கிளம்புங்க," என்றாள் மனைவி, வெந்த விரல்களை ஊதிக்கொண்டே. "கவுன் எப்படி எரிஞ்சதுன்னு நீங்கதான் சொல்லணும். போறப்போ பெல்லுல இருக்கிற டேப்பையும் பிரிச்சுட்டுப் போங்க. ஷாக் அடிச்சா அடிக்கட்டும்."