பெட்டியின் மேல் உட்கார்ந்தவள்

பெட்டிக்குள் ஒளிந்த காதலனின் இடது கன்னத்தில் மச்சம் இருந்தது. அடுத்த காட்சியில், கல்யாண மேடையில், மச்சத்தைக் காணோம். மூக்கும் கொஞ்சம் மாறியிருந்தது. ‘ஒப்பனைக்காரரின் அலட்சியம்’ என்று தன் அறுநூறு பக்க நூலில் சினிமா ஆய்வாளர் பரத்வாஜ் தீர்ப்பு எழுதிவிட்டார். எந்தச் சந்தேகமும் அவரிடம் ஓர் அடிக்குறிப்புக்கு மேல் உயிர் பிழைத்ததில்லை.

படம் ஊமைக்காலத்துக் காதல் நகைச்சுவை. வசன அட்டைகள் தொலைந்துபோன பிரதி. உதட்டசைவைப் படித்துச் சொல்ல, காது கேளாத உம்மே ஹானியை மயிலாப்பூர் வீட்டுக்கு வரவழைத்திருந்தார். மாலை சபாவில் திரையிடல். பொன்னாடை வேறு தயார்.

அப்பா அறைக்குள் வருகிறார். காதலி பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்து சிரிக்கிறாள். பெட்டி குதிக்கிறது.

உம்மே ஹானி அதையே மூன்று முறை திருப்பிப் போட்டாள்.

“சார், இந்தம்மா காமெடி பேசல. ‘எழுந்துக்கட்டுமா, அவருக்கு மூச்சு முட்டுது’ன்னு கேக்குறாங்க. சிரிச்சிக்கினே. அப்பாவாண்ட இல்ல, கேமராவாண்ட.”

“நடிப்பும்மா அது. மகா நடிப்பு.”

“அப்பறம் ஏன் சார் பெட்டி ஆடறது நின்னுபோச்சி?”

மேதைகளுக்குப் பதில் சொல்லும் பழக்கம் கிடையாது. கல்யாண மேடையில் நின்றது வேறு ஆள் என்று வெளியே தெரிந்தால் ‘தமிழின் முதல் சிரிப்பு’ என்கிற நூலும் போச்சு, பேரும் போச்சு. அவளை அனுப்பிவிட்டுத் தானே வசனம் தட்டினார்: ‘அப்பா, உள்ளே என் பட்டுப்புடவைகள்தான்!’

சபாவில் ஏ.சி.யின் ஈரவாடையும் மல்லிகையும் கேன்டீன் போண்டா எண்ணெயும் கலந்து மூக்கை அடைக்க, ஒரு மணி நேரம் தன்னைப் பற்றியே பேசிவிட்டு மூன்றாவது வரிசையில் அமர்ந்தார். பட்டுப்புடவை வசனத்துக்கு அரங்கமே அதிர்ந்தது. பரத்வாஜும் சிரித்தார்.

நாற்பது நொடியில் கல்யாணக் காட்சி வரவேண்டும்.

வரவில்லை.

பெட்டி குதித்தது. சபா சிரித்தது. ஒரு நிமிஷம். இரண்டு. பெட்டி மெல்ல ஆடியது. நின்றது.

அவள் தலையைத் திருப்பினாள். மூன்றாவது வரிசைக்கு. உதடு அசைந்தது. இப்போது அவருக்கே படிக்கத் தெரிந்தது.

‘எழுந்துக்கட்டுமா, சார்?’

“எழுந்திரு!” என்று கத்தினார். குரல் வரவில்லை.

பக்கத்து இருக்கைக்காரர் அவரைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. சிரிப்புச் சத்தமும் நின்றுபோயிற்று. வாய்கள் மட்டும் திறந்து மூடின. உதவிக்கு நீட்டிய தன் கையைப் பார்த்தார். திரையைப் போலவே சாம்பல் நிறம்.

அவர் கத்தக் கத்த, அவர்கள் சிரித்தார்கள். திரையில் அவள் இன்னும் எழவில்லை. உத்தரவுக்காகக் காத்திருந்தாள்.