ஒற்றைப் பக்கத்தின் கட்டணம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகாவது பழைய காகிதங்கள் தன்னை விட்டுத் தொலையும் என்று நம்பியிருந்தார், வங்கியின் ஆவண அறையில் முப்பது வருடம் குப்பை கொட்டிய குமாஸ்தா. எங்கே விட்டது? பக்கத்துத் தெருத் தையற்காரி வந்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

“அப்பா எங்கூடப் பேசி ரெண்டு மாசம் ஆச்சுங்க,” என்றாள். “எட்டு வருஷத்துக்கு முன்னாடி அம்மா ஆபரேஷனுக்காக என் கணக்குல பணம் போட்டாரு. அன்னைக்கே அண்ணனுக்கு அனுப்பிட்டேன். ஆஸ்பத்திரில அவன் கட்டறதா பேச்சு. கட்டவே இல்ல. அம்மா போயிட்டாங்க. துக்கத்துல யாரும் கேக்கல. இப்ப அப்பா கேட்டதுக்கு, பணத்தை நான்தான் அமுக்கிட்டேன்னு அண்ணன் சாதிக்கிறான்.”

“பழைய ஸ்டேட்மென்ட் எடுத்துடலாமே!” என்று நாற்காலி நுனிக்கு வந்தான் குமாஸ்தாவின் மைத்துனன். பாத்திரக்கடைக்காரன். துப்பறிகிற வேலை என்றால் கடையைச் சாத்திவிட்டு ஓடி வருவான்.

“பக்கத்துக்கு முந்நூறு கேக்கறாங்க. பழைய பாஸ்புக் தொலைஞ்சு போச்சு. அம்மா போறதுக்கு எத்தனை மாசம் முன்னாடின்னு எனக்குத் தேதி ஞாபகமில்ல. வருஷம் முழுக்க எடுத்தா இருபத்தி நாலு பக்கம். நான் எத்தனை சட்டை தைக்கிறது?”

குமாஸ்தா அலுப்போடு அவளுடைய பாஸ்புக்கைப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. “ரெண்டரை மாசம் முன்னாடி முந்நூறு கழிச்சிருக்காங்களே, என்னம்மா இது?”

“ஏதோ கட்டணம்னு போட்டிருக்கு. பேங்க்ல எதுக்குத்தான் கழிக்கல?”

“அண்ணன் கொண்டு வர்ற பாரத்துல எல்லாம் கையெழுத்துப் போடுவியா?”

“வீட்டு வரி, அப்பா மருந்துன்னு ஏதாவது நீட்டுவான். படிச்சுப் பாத்துட்டா போடுவேன்?”

“சரி, இனிமே ஸ்டேட்மென்ட் கேக்காதே. என்னைப் பத்தி உங்ககிட்ட இருக்கிற விவரம் எல்லாம் வேணும், அதை யாருக்குக் குடுத்தீங்கன்னும் சொல்லுங்கன்னு எழுது. தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அது உன் உரிமை. ஒரு காசு வாங்கக் கூடாது.”

“ஆள் யாருன்னு தெரிஞ்சு போச்சா, அத்தான்?”

“கவர் வரட்டும்டா.”

இருபத்தொன்பதாம் நாள் கவர் வந்தது. அதைப் பிரிக்காமலே மூவரும் அவள் அப்பா வீட்டுக்குப் போனார்கள். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். அண்ணன் ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“ஒரே ஒரு பக்கத்துக்குக் கட்டணம் போயிருக்கு,” என்றார் குமாஸ்தா, யாரையும் பார்க்காமல். “தேதி தெரியாதவ வருஷத்தையே கேக்கணும். ஒத்தப் பக்கம் கேட்ட ஆளுக்குத் தேதி தெரியும். பணம் யார் கைக்குப் போச்சோ அவனுக்குத்தான் அது மறக்காது. பழைய பதிவு இன்னும் இருக்கான்னு பாத்திருக்கான். இருக்கு. ஆனா தங்கச்சியால அத்தனை பக்கத்துக்கும் கட்ட முடியாதுன்னு தைரியமாப் பழியைப் போட்டுட்டான். அந்த முந்நூறையும் தங்கச்சி கணக்குலயே கழிப்பாங்கன்னுதான் அவனுக்குத் தெரியல.”

மைத்துனன் கவரைக் கிழித்து உரக்கப் படித்தான். காலை பதினொரு மணிக்கு அப்பாவின் பணம் வரவு. பன்னிரண்டுக்குள் முழுத் தொகையும் அண்ணன் கணக்குக்கு. கடைசித் தாள், ஒற்றைப் பக்கம் கேட்ட விண்ணப்பத்தின் நகல். கீழே தங்கையின் கையெழுத்து. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் அண்ணனுடையது.

“ஒரு வாரத்துல திருப்பிடலாம்னு நெனச்சேன்ப்பா,” என்றான் அண்ணன். “வியாபாரம் கவுந்துடுச்சு. அதுக்குள்ள அம்மா...”

அப்பா அவன் பக்கம் திரும்பவில்லை. மகளையே பார்த்தார்.

“ஒரு மணி நேரங்கூட நீ வச்சுக்கலையாம்மா?”

“இல்லப்பா,” என்றாள்.

குமாஸ்தா செருப்பை மாட்டிக்கொண்டார். ‘ஜெயிச்சுட்டோம்’ என்று வாயெடுத்த மைத்துனனின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.