கார் நிறுத்தத்தின் மேல் ஓக் மரங்கள்

"யாருங்க இந்த மரத்தையெல்லாம் வரைஞ்சது? அந்த மகராசனைக் கையெடுத்துக் கும்பிடணும்!"

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்துச் சாரல் மழை... டிராமுக்காக நனைந்துகொண்டே நின்ற சிக்னே திரும்பினாள். பக்கத்தில் ஓர் இளைஞன். ஈரம் சொட்டும் இமைகள்... சாம்பல் நீலக் கண்கள்... அவன் எதிரேயிருந்த விளம்பரப் பலகையைக் காட்டிச் சிரித்தான். 'நாளைய தலைமுறைக்கான குடியிருப்பு'. வீடுகளைச் சுற்றி ஓங்கி வளர்ந்த ஓக் மரங்கள்.

வரைந்தவள் சாட்சாத் அவளேதான்!

"ஏன், அழகாத்தானே இருக்கு?"

"அழகுக்கு என்ன குறைச்சல்! அடியில கார் நிறுத்துற இடம். மேல முழங்கால் அளவு மண்ணு. அதுல ஓக் மரம் என்ன, ஒத்தக்கால்ல நிக்குமா?"

அவளுக்குத் தெரியாதா? மரம் இருந்தால்தான் வீடு விற்கும் என்றார் அவள் வேலை பார்க்கும் கட்டட நிறுவனத்தின் முதலாளி... வரைந்தாள். நெஞ்சில் சுருக்கென்றது.

"யாரோ விவரம் தெரியாதவங்க போல..." என்று நழுவினாள்.

மழை வலுத்தது. பக்கத்துக் கடையில் ஒதுங்கினார்கள். காபி, ஏலக்காய் பன்... அவன் பெயர் ஆர்விட். நகரத் திட்ட அலுவலகத்தில் வேலை.

"நீடித்த வளர்ச்சின்னு பெருசா பேசறோம்... விஷயம் ஒண்ணுதாங்க. நமக்கு அப்புறம் வர்றவங்க பங்கையும் நாமளே தின்னுடக் கூடாது."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் விழுந்தே போனாள் பாவிப் பெண். தான் யாரென்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் மாலை, அந்தக் குடியிருப்பைப் பற்றி ஊர்மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். அதே படத்தைத் திரையில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். முன்வரிசையில் ஆர்விட்! அவன் கண்கள் விரிந்தன... பிறகு தாழ்ந்தன. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது அவளுக்கு.

"இந்த மரங்க வளராது," என்றாள். "மண்ணு போதாது. தெரிஞ்சேதான் வரைஞ்சேன்... மன்னிச்சிடுங்க."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. சிக்னே வாசலுக்கு ஓடினாள். பின்னாலேயே அவன்.

"பேசாதீங்க ஆர்விட்! உங்க முகத்தைப் பார்க்கவே கூசுது."

"எனக்குத்தாங்க கூசணும்." அவன் தலை நிமிரவில்லை. "அந்தப் பிளானைச் சரின்னு அனுப்பினதே நான்தான். மேலிடத்துல அவசரப்படுத்தினாங்க... வாயை மூடிக்கிட்டேன். நேத்து உங்ககிட்ட யோக்கியன் மாதிரி நியாயம் பேசினேன். இன்னைக்கு நீங்க பேசினப்ப நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு."

சிக்னே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அடக் களவாணி!"

"உள்ள போய் நானும் சொல்லப் போறேன். வேலை போனாலும் போகட்டும்... கூட வர்றீங்களா?"

அவன் கையை நீட்டினான். அவள் இறுகப் பற்றிக்கொண்டாள். அவளுக்குக் காது வரை சிவந்தது.

"உங்க மேல கோபப்படணும்னுதான் பார்க்கறேன்... முடியலைங்க. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."