முக்கால் வயலின்

"இது வயலினா, சாவிக் கொத்துல மாட்டுற பொம்மையா?" என்று கேட்டார் மிஸ்டர் வெண்டல்.

"முக்கால் சைஸ். எனக்கு இதுதான் சரி. உங்க விரல்தான் வாழைப்பழம் மாதிரி இருக்கு!" என்றாள் ஸரையா.

டெட்ராய்ட் நகரில் அன்று மாலைக் கச்சேரி. எல்லாமே கறுப்பின இசையமைப்பாளர்கள் எழுதியவை. மேடையில் ஒவ்வொரு பெரிய கலைஞரின் பக்கத்திலும் ஒரு பிள்ளை. வயலின் வரிசையின் முதல் இருக்கைகளில் வெண்டலும் பத்து வயது ஸரையாவும்.

கடைசி இசையில் பிள்ளைகள் மட்டும் வாசிக்கும் சின்னப் பகுதி ஒன்று உண்டு. அதற்காக ஸரையா மூன்று மாதம் வீட்டில் எல்லோருடைய காதையும் பதம் பார்த்திருந்தாள். அதை எழுதிய திருமதி டிப்ஸ் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த இசையின் நடுவில், பட்! வெண்டலின் வயலினில் மேல் சுரங்களுக்கான மெல்லிய தந்தி அறுந்தது.

இசைத்தாளின் அடுத்த பக்கத்தில் அவர் தனியாக வாசிக்க வேண்டும். இப்படி நடந்தால் பக்கத்தில் இருப்பவர் தன் வயலினைக் கொடுப்பதுதான் வழக்கம். வெண்டல் அவளுடையதைக் கேட்கவில்லை.

"வேணாம் பாப்பா. இது உன் முதல் கச்சேரி, நீ வாசி" என்று முணுமுணுத்தார்.

 ஆனாலும் ஸரையா தன் வயலினை அவர் மடியில் வைத்துவிட்டு, தந்தி அறுந்த அவர் வயலினை எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பெரிய மனிதரின் தாடைக்கடியில் குட்டி வயலினைப் பார்த்ததும் அரங்கமே சிரித்தது. அவர் வாசிக்கத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. அப்படி ஓர் இசை!

அடுத்தது பிள்ளைகளின் முறை. அவளுடைய மெட்டு முழுவதும் அறுந்த தந்தியில்தான் இருந்தது. மூன்று தந்திகள்தான் மிச்சம்.

'மேலே முடியலைன்னா கீழே!'

அந்தப் பெரிய வயலினில் விரல்களை எட்டிப் பரப்பி, அதே மெட்டைக் கீழ்ச் சுரங்களில் வாசித்தாள். மற்றப் பிள்ளைகளின் கீச்சென்ற வாசிப்புக்கு அடியில் அது கனமாக, இனிமையாக ஓடியது.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

"பொம்மை எப்படி?" என்றாள் ஸரையா.

"பொம்மையா? யாரு சொன்னா?" என்றார் வெண்டல்.

அதற்குள் திருமதி டிப்ஸ் மேடையேறி வந்தார். "நான் எழுதாத ஒண்ணு கேட்டுச்சே. யாரு அது?"

"நான்தான்... தந்தி இல்ல. அதான்" என்று இழுத்தாள் ஸரையா.

அவர் பென்சிலை எடுத்து இசைத்தாளில் அந்த இடத்தைத் தேடினார். "உன் பேரைச் சொல்லு. இனிமே யாரு வாசிச்சாலும் ஒரு பிள்ளை இதைக் கீழதான் வாசிக்கணும்."

ஸரையா ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார்.