கேடயம் எந்தப் பக்கம்

வேலைக்குப் போகும் வழியில் யாழ்மொழி தினமும் தன் வயிற்றுப் பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். வயிற்றுப் பிள்ளை என்பது பழக்க தோஷத்தில் சொல்வது. பிள்ளை இருந்தது வயிற்றில் அல்ல. வேள்புரத்தின் மேற்குக் கோடியில் கருக்கூடத்தில், ஒரு கண்ணாடிக் குடுவைக்குள். சீரஸ் குறுங்கோளின் இத்துனூண்டு ஈர்ப்பில் தாய் வயிற்றில் வளரும் குழந்தைக்கு எலும்பு சரியாகப் பிடிப்பதில்லை. அதனால் குடுவைகளை ஒரு பெரிய ராட்டினத்தில் ஏற்றி, பூமியின் கனம் வரும்வரை சுற்றவிட்டிருந்தார்கள். பார்க்க வரும் அம்மாக்களும் ராட்டினத்தில் ஏறி, கால் கனப்பதைத் திட்டிக்கொண்டே நடப்பார்கள்.

ஒவ்வொரு குடுவையின் தலையிலும் ஒரு சிறு விளக்கு. குழந்தை உதைத்தால் பளிச்சென்று எரியும். அதற்கு உதைவிளக்கு என்று பெயர்.

"என்னடி, எந்திரிச்சிட்டியா?" என்று யாழ்மொழி குடுவையில் வாய் வைத்துக் கேட்டாள். விளக்கு இரண்டு முறை எரிந்தது.

"உன் குரலுக்குத்தான் இந்த ஆட்டம்," என்றார் கருக்கூடத்துச் செவிலி எஸ்தர் அக்கா. "நான் நாள் பூரா கெஞ்சுறேன், ஒரு உதை கிடையாது. இப்பவே ஆள் பாக்குது பாரு."

"இன்னும் ரெண்டு மாசம்தான்க்கா. அப்புறம் நம்ம எல்லாரையும் உதைக்கும்."

யாழ்மொழிக்குக் காமாக் காவல் நிலையத்தில் வேலை. தொலைதூரத்தில் ஒரு விண்மீன் வெடித்தால் அதிலிருந்து காமாக் கதிர் சில நொடிகள் பாய்ந்துவிட்டு அடங்கிவிடும். அதை வெறும் கண்ணால் பார்க்க முடியாது, கண்ணாடி வைத்துக் குவிக்கவும் முடியாது. ஆகவே சீரஸைச் சுற்றி வெகு அகலத்தில் நான்கு காவல்கோள்களை நிறுத்தியிருந்தார்கள். கதிர் எந்தக் கோளை முதலில் தொட்டது, எதை அடுத்துத் தொட்டது என்று பார்த்தால் வந்த திசை தெரிந்துவிடும். உடனே தரையில் உள்ள தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பி, வெடிப்பின் மிச்ச ஒளியைத் தேடும். பூமியில் இது படிப்பாளிகளின் பொழுதுபோக்கு. வேள்புரத்தில் உயிர்ப் பிரச்சினை.

காரணம், ஊருக்குக் கிழக்கு வானத்தில் எழும் ஒரு காந்த விண்மீன். அண்டத்தில் அது அடுத்த தெரு மாதிரி. முதலில் லேசாக ஒரு முறை விக்கும், விக்கிய சற்று நேரத்தில் பெரிதாக வெடிக்கும் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் போட்டிருந்தது. அதற்காகத்தான் ஊருக்கு மேலே தண்டவாளத்தில் ஓடும் கேடயம். ஈயமும் நீரும் அடைத்த பெருந்தட்டு. அது ஊரில் பாதியைத்தான் மூடும். எந்தப் பாதி என்பதைக் காவல் நிலையம் சொல்ல வேண்டும். கேடயம் இருக்கிறதே என்ற தைரியத்தில் கூரைகளை எல்லாம் மெல்லியதாகக் கட்டி முடித்துவிட்ட புண்ணியவான்களும் இருந்தார்கள்.

அன்று யாழ்மொழி நாற்காலியில் உட்கார்ந்து தேநீரை ஒரு வாய் குடிப்பதற்குள் மணி அலறியது. நான்கு கோள்களிலும் ஒரே ஒரு துடிப்பு, சின்னது.

"விக்கல்!" என்று கத்தினார் நிலையத் தலைவர் துரைக்கண்ணு. "திசை சொல்லும்மா, திசை!"

முதல் மூன்று கோள்களின் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் திசை கிழக்கே, காந்த விண்மீனுக்குப் பக்கத்தில் போய் நின்றது. நான்காவதைச் சேர்த்தால் கணக்கு உதைத்தது. விண்ணில் எந்தத் திசையில் இருந்து வந்தாலும் அந்த நேரத்தில் அந்தக் கோளைத் தொட வழியே இல்லை.

"சார், நாலாவது ஒத்து வரல."

"அது என்னிக்கு ஒத்து வந்துச்சு? வம்புக்காரன்!"

நான்காம் கோளின் கடிகாரம் முன்பு ஒரு தடவை ஓடாமல் நின்றது உண்மைதான். அதைப் பழுது பார்த்துப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் கெட்ட பெயரைப் பழுது பார்க்க யாரும் போகவில்லை.

"தொலைநோக்கியும் அங்க ஒண்ணுமே இல்லைங்குது சார். மிச்ச ஒளி ஒரு பொட்டு கூட இல்ல."

"நடுவுல தூசி இருக்கும், மறைக்கும். ஏம்மா, மூணு பேர் ஒண்ணு சொல்றான், ஒருத்தன் வேற சொல்றான். யாரை நம்புவ? கேடயத்தைக் கிழக்கே தள்ளு!"

கிழக்கே தள்ளினால் மேற்கு திறந்துவிடும். மேற்கில் கருக்கூடம். யாழ்மொழி கேடயத்தின் நெம்புகோலைப் பிடித்தபடி மேற்குப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் கிழக்கில்தான் பள்ளிக்கூடம், குடியிருப்பு, ஊரின் முக்கால்வாசி சனம். அவளும் அதே பாடப்புத்தகத்தைப் படித்துத்தான் தேறியவள். கேடயத்தைக் கிழக்கே தள்ளினாள்.

சற்று நேரத்தில் அடுத்தது வந்தது. திரையைப் பார்த்தாள். ஒரு பெருவெடி அல்ல. துடிப்புக்குப் பின் துடிப்பு, துடிப்புக்குப் பின் துடிப்பு, சீப்பின் பற்களைப் போல ஒரே இடைவெளியில். போகப் போக நெருக்கம் கூடி, கடைசியில் திரைக்கே அடங்காத ஒரு பூதத் துடிப்பு. கிழக்குச் சுவரில் இருந்த கதிர்மானிகள் சும்மா இருந்தன. மேற்குச் சுவரில் இருந்தவை அனைத்தும் சிவந்தன.

"ஐயோ!" என்றாள்.

"விண்மீன் இப்படி எண்ணி எண்ணி வெடிக்காதேம்மா..." என்று முணுமுணுத்தார் துரைக்கண்ணு.

யாழ்மொழி அழுதுகொண்டே கணக்கை மறுபடியும் போட்டாள். எங்கோ தொலைவிலிருந்து வரும் கதிர், விரித்துப் பிடித்த வேட்டியைப் போலத் தட்டையாக வந்து தொடும். பக்கத்திலிருந்து வருவது, குளத்தில் கல் விழுந்தாற்போல வளைந்து வளைந்து பரவும். வருவதெல்லாம் தொலைவிலிருந்துதான் என்று கணினிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த ஒரு வரியை எடுத்தாள். நான்கு கோள்களும் சமர்த்தாக ஒத்துப்போயின. வம்புக்காரன் தொடக்கத்திலிருந்தே சரியாகத்தான் சொல்லியிருந்தான்.

கதிர் கிளம்பிய இடம், மேற்கு வானில் எப்போதும் ஒரே இடத்தில் மிதந்து தொங்கும் பக்கத்து ஊர், பொன்வளையம்.

போர் என்றுதான் இருவரும் முதலில் நினைத்தார்கள். துரைக்கண்ணு பதறிப்போய்ப் பொன்வளையத்தின் ஒளிபரப்பைப் போட்டார். மாலைகள், கூட்டம், குத்தாட்டம். அவர்கள் ஊர் மன்றத் தேர்தலில் யாரோ ஒரு அண்ணன் ஜெயித்திருந்தார். அண்ணனின் ஆதரவாளர்கள் கப்பல் எரிபொருளில் மிஞ்சிய, எதைத் தொட்டாலும் காமாக் கதிராக வெடிக்கும் எதிர்ப்பொருளைச் சிட்டிகை சிட்டிகையாகக் குழலில் அடைத்து, ஊரைச் சுற்றிச் சரம் கட்டி வெடித்திருக்கிறார்கள். முதலில் வந்த விக்கல், திரி பிடிக்கிறதா என்று பார்க்க வைத்த ஒற்றை வெடி. வெற்றிடத்தில் சத்தம் வராது அல்லவா? சத்தமில்லாத வெடி என்ன வெடி என்று, ஒலிபெருக்கியில் படபடவென்று தனியாகச் சத்தமும் போட்டிருந்தார்கள்.

யாழ்மொழி அதைப் பார்த்து முடிக்கவில்லை, கருக்கூடத்துக்கு ஓடினாள். குடுவையில் முகம் வைத்துக் கூப்பிட்டாள். "என்னடி... அம்மாடி... கண்ணு..." விளக்கு எரியவில்லை.

"இதயம் துடிக்குதும்மா," என்றார் எஸ்தர் அக்கா. அவரும் அழுதிருந்தார். "டாக்டர் பாத்துட்டாரு. எல்லாப் பிள்ளைக்கும் துடிக்குது. மத்ததெல்லாம் பிறந்தாத்தான் தெரியும்கிறாரு."

"நாந்தான்க்கா தள்ளினேன். இந்தக் கையாலதான் தள்ளினேன்."

எஸ்தர் அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

வேள்புரம் கொதித்தது. ஊர்த் தலைவர் மாசிலாமணி கூட்டம் போட்டு முழங்கினார். "பிள்ளைகள் தூங்கும் தொட்டிலை நோக்கி வெடி வைத்த காட்டுமிராண்டிகள்!" என்று தொண்டை கிழியச் சொன்னபோது கேட்டவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேடயத்தை மேற்கே, பொன்வளையத்தைப் பார்த்தபடி நிரந்தரமாகப் பூட்டினார்கள். விசாரணைக் கமிஷன் வேண்டும் என்று கேட்டார்கள். செவ்வாய்க் கோளில் இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைக் கமிஷன் தலைவராகப் போட்டார்கள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

நீதிபதி வந்து இறங்கும் நாள். யாழ்மொழி அன்று விடுப்பு போட்டுவிட்டுக் குடுவையோடு இருந்தாள். கதிர் பட்ட நாளிலிருந்து உதைவிளக்கு எரியவே இல்லை. ஆனாலும் அவள் பேசுவதை நிறுத்தவில்லை. சமையலில் உப்பு கூடிப்போனது, துரைக்கண்ணு சார் இப்போதெல்லாம் நான்காம் கோளிடம் மரியாதையாக நடந்துகொள்வது, எல்லாம் சொன்னாள்.

"ஒரு உதை குடுடி. ஒண்ணே ஒண்ணு. அம்மா மேல கோவம்னாலும் பரவாயில்ல, கோவத்துக்காச்சும் உதை."

விளக்கு பளிச்சென்று எரிந்தது.

யாழ்மொழி வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடியும் எரிந்தது. "அக்கா! எஸ்தர் அக்கா! உதைக்குது! என் தங்கம் உதைக்குது!" எஸ்தர் அக்கா கனக்கும் காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். இருவரும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள், அழுதார்கள்.

அப்போதுதான் அவள் மணிக்கட்டில் இருந்த காவல் நிலையக் கருவி அலறியது. ஒரு துடிப்பு, சின்னது.

"சார்!" என்று கருவியில் கத்தினாள். "எங்க இருந்து? பொன்வளையமா?"

"நாலு கோளும் ஒண்ணாச் சொல்லுதும்மா," என்றார் துரைக்கண்ணு. "எதையும் ஒதுக்க வேண்டியதில்ல."

"எங்கன்னு சொல்லுங்க சார்!"

"இங்கதாம்மா. நம்ம துறைமுகம். கேடயத்துக்குக் கீழ."

துறைமுகம் கருக்கூடத்துக்கு அடுத்த வளைவு. நீதிபதியை வரவேற்கத் துறைமுகத்துக்குப் போயிருந்த ஊர்த் தலைவரை யாழ்மொழி உடனே கருவியில் கூப்பிட்டாள்.

"தலைவரே, என்ன பண்றீங்க? நிறுத்துங்க! இங்க பிள்ளைங்க இருக்கு!"

மாசிலாமணியின் குரலுக்குப் பின்னால் மேளம் கேட்டது. "பதறாதம்மா. நீதிபதி ஐயா நம்ம பிள்ளைங்களுக்காக அம்புட்டுத் தூரத்துலேர்ந்து வர்றாரு. சும்மா வாங்கன்னா மரியாதையா? அவனுங்க வெச்சதை விட ரெண்டு மடங்கு சரம். நம்ம ஊர் மானம் இருக்குல்ல? அதோட இது பசுமை வெடிம்மா, சான்றிதழ் வாங்கியிருக்கோம். திரி நல்லா பிடிக்குது, இப்பத்தான் ஒண்ணு வெச்சுப் பாத்தோம்."

"தலைவரே!"

மேளச் சத்தத்தில் இணைப்பு அறுந்தது. கருக்கூடத்துச் சுவரில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு படபடவென்று தொடங்கியது. யாழ்மொழி குடுவையை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு அதன்மேல் கவிழ்ந்தாள். சத்தத்துக்கு மிரண்டு உள்ளே குழந்தை உதைத்துக்கொண்டே இருந்தது, விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கூரைக்கு மேலே கேடயம், பொன்வளையத்தைப் பார்த்தபடி, பூட்டிய இடத்தில் அசையாமல் நின்றது.